சுயம்புராஜின் இடுப்பில் வைத்தது

எனக்கு வாழைப்பழம் அவ்வளவாகப் பிடிக்காது. எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். சாப்பாடு முடிந்தால் பழம், காய்ச்சல் வந்தால் பழம், விருந்தாளி வந்தால் பழம் என்று இருக்கிற ஊர் இது. சின்ன வயதிலிருந்தே அந்த மாவுத்தன்மை என் நாக்குக்கு ஒத்துவந்ததில்லை. ஆனாலும் மூன்று வருடமாக என் மருத்துவமனையின் வரவேற்பறையில் மட்டி வாழைக் குலை தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்று தீரும் முன்பே அடுத்தது வந்துவிடும். கொண்டுவந்தவர் சுயம்புராஜ். நான் பழம் சாப்பிடுவதில்லை என்று அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு எதையாவது கொண்டுவந்திருப்பார்.

நீங்கள் காலையிலிருந்து கேட்பது இதுவல்ல என்று தெரியும், மேடம். ஆனால் அந்தக் குலைகளிலிருந்து தொடங்கினால்தான் எனக்கு வரிசை பிடிபடும். வக்கீல் வரும்வரை வாய் திறக்க வேண்டாம் என்று என் மனைவி சொல்லியனுப்பியிருக்கிறாள். பரவாயில்லை. உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஒன்றைப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நான் அப்படிப் பேசப் போவதில்லை.

என் பெயர் ஜான்ரோஸ், எலும்பு மூட்டு மருத்துவன் என்பதெல்லாம் உங்களிடம் இருக்கும். தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகிற சாலையில் என் மருத்துவமனை. சிறியதுதான், ஆனால் பேருந்தில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கைநீட்டிக் காட்டுவார்கள். இடுப்பு மூட்டை மாற்றிவைப்பது என் தனி வேலை. அதற்காகத் திருவனந்தபுரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தவர்களை இங்கேயே நிறுத்தியவன் நான். என் கையால் அறுவை செய்துகொண்டு நொண்டியபடி வீடு போனவர் என்று ஒருவரைக்கூடக் காட்ட முடியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தப் பெயர் போனால் எனக்கென்று வேறு எதுவும் கிடையாது. அதனால் சொல்கிறேன்.

சுயம்புராஜ் வேளிமலை அடிவாரத்தில் வாழை வைத்திருந்தவர். தானே விளைவித்து, அக்கம்பக்கத்தில் வாங்கியும் சந்தைக்கு அனுப்புவார். அய்யாவழிக்காரர். நெற்றியில் எப்போதும் வெள்ளை நாமம் இருக்கும். ஊரில் அவர்கள் கும்பிடுகிற நிழல்தாங்கலைப் பெருக்கி விளக்கேற்றுவது அவர் பொறுப்பு. குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார். தோல் வியாதிக்கு எவரோ கொடுத்த மாத்திரையை வருடக்கணக்கில் தின்றதால் இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலை செத்துப்போய், ஒரு காலை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணத்துக்குள் சுழலும் பந்து. பழுதான பந்தை எடுத்துவிட்டு, தொடையெலும்புக்குள் ஒரு தண்டை இறக்கி, அதன் முனையில் புதுப் பந்தை மாட்டுகிறோம். உலோகப் பந்தும் உண்டு, செராமிக் பந்தும் உண்டு. செராமிக் என்றதும் தேநீர்க் கோப்பையை நினைத்துவிடாதீர்கள். இளஞ்சிவப்பு நிறத்தில், கண்ணாடியைவிட வழுவழுப்பாக இருக்கும். தேய்மானம் என்பது ஏறக்குறைய இல்லை. வயது குறைந்தவர்களுக்கு அதுதான் நல்லது. அவருக்கும் கிண்ணம், பந்து இரண்டும் செராமிக்கில் வைத்தேன். அதற்கு ஒரு குணம் உண்டு. உலோகம் வளையும், நசுங்கும். செராமிக் அதெல்லாம் செய்யாது. பொறுக்கும்வரை பொறுத்து ஒரே நாளில் நொறுங்கிவிடும்.

அதனால் அதைப் பொருத்துவதில் ஒரு மரியாதை இருக்கிறது. தண்டின் முனையை நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். பந்தைக் கையால் திருகி வைத்து, பிளாஸ்டிக் முனையுள்ள கோலை அதன்மேல் வைத்து, கோலின் தலையில் ஒரு தட்டு. இரும்புச் சுத்தியல் பந்தைத் தொடவே கூடாது. அன்று அந்தக் கோல் என் கையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்துவிட்டது. தரையில் விழுந்ததை மறுபடி எடுக்க முடியாது. தியேட்டர் நர்ஸ் ரெனிஷா, "இன்னொண்ணு இருக்கு சார். இப்பம் எடுத்துட்டு வாறேன்" என்றாள். எனக்குக் காத்திருக்க மனமில்லை. சுத்தியலாலேயே இரண்டு தட்டுத் தட்டினேன். பலமாக இல்லை. ரெனிஷா முகமூடிக்கு மேலே கண்ணை உயர்த்தி ஒருமுறை பார்த்தாள். அடுத்த கருவியை எடுத்து நீட்டினாள். நல்ல பெண்.

இந்த அறுவைக்கு முதுகில்தான் ஊசி போடுவோம். நோயாளிக்கு வலி தெரியாது, காது கேட்கும். மறுநாள் நான் பார்க்கப் போனபோது சுயம்புராஜ் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சத்தமெல்லாம் கேட்டுது டாக்டரே. தச்சன் பட்டறையில கெடந்த மாதிரியில்லா இருந்துது." பக்கத்தில் நின்ற அவர் மனைவி சுனிதாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். வார்டை விட்டு வெளியே வந்து படியிறங்கும்போதுதான் அவர் அதை எதற்காகச் சொன்னார் என்று யோசித்தேன்.

அவர் நன்றாக நடந்தார். தோப்புக்குப் போனார், நிழல்தாங்கலுக்குப் போனார், வாரம் தவறாமல் குலையோடு என்னிடமும் வந்தார். வரவேற்பறையில் காத்திருக்கிறவர்களிடம் காலைத் தூக்கிக் காட்டி, "இது ஜான்ரோஸ் டாக்டருக்க கைவேலையாக்கும்" என்பார். நன்றியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், மேடம். அதற்கு ஓர் ஆயுள் உண்டு. தையல் பிரிக்கும்வரை பொங்கும், பிறகு ஆறும், ஒரு வருடத்தில் தெருவில் கண்டால் ஒரு தலையசைப்பாக மிஞ்சும். அதுதான் இயல்பு. இவருடையது ஆறவேயில்லை. ஆறாத நன்றிக்குள் வேறு ஏதோ இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. உங்களுக்கும் தோன்றியிருக்கும். உங்கள் வேலை அப்படி.

ஒரு வருடம் போனதும் பந்து உடைந்தது. தோப்பில் சின்ன வரப்பு ஒன்றைத் தாண்டக் காலை உயர்த்தியிருக்கிறார். உள்ளே சட்டி உடைவதுபோலக் கேட்டதாம். ஜீப்பில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தார்கள். எக்ஸ்ரேயில் பந்து இருந்த இடத்தில் சில்லுகள் சிதறிக் கிடந்தன. செராமிக் பந்து உடைவது அபூர்வம். ஆயிரத்தில் ஒன்று என்றுகூடச் சொல்ல முடியாது. சுத்தியல் பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கும். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அவர் என்னைத் திட்டியிருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பார். இதை நான் உண்மையாகவே சொல்கிறேன். தழும்பு கோணலாகிவிட்டது என்று மேசையைத் தட்டிய மனிதர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் எப்படிப் பேசுவது என்றும் தெரியும். சுயம்புராஜ் ஸ்ட்ரெச்சரில் வியர்த்துக் கிடந்துகொண்டு என் கையைப் பிடித்தார். "நீங்க இருக்கியளே டாக்டரே, எனக்கென்ன பயம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அது எப்பிடி ஒடஞ்சுது?" என்று கேட்டார்.

"சில சமயம் பொருளிலேயே பழுது இருக்கும்" என்றேன்.

"அப்பிடியா? செரி" என்றார். அவ்வளவுதான். மறுகேள்வி இல்லை. தன் இடுப்புக்குள் உடைந்த ஒரு பொருளைப் பற்றி மறுகேள்வி கேட்காத மனிதர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்? பதில் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

புதிய செராமிக் பந்து சென்னையிலிருந்து வர வேண்டியிருந்தது. அதுவரை அவரை வார்டில் படுக்கவைத்திருந்தேன். அந்த நாட்களில் நடந்தவற்றைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருநாள் நான் உள்ளே போனபோது ரெனிஷா அவர் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு வேலை தியேட்டரில், வார்டில் ஒன்றுமில்லை. என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். இன்னொருநாள் கிருஷ்ணமணி வக்கீல் வந்தார். பத்மநாபபுரம் கோர்ட்டில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். அவர் மகள் கல்யாணத்துக்கு வாழைக் குலையும் இலையும் சுயம்புராஜ் கொடுப்பதாக ஏற்பாடு, அதைப் பேசத்தான் வந்தார் என்று சுனிதா பிறகு சொன்னாள். இருக்கலாம். கல்யாணம் நடந்ததும் உண்மைதான். ஆனால் மறைக்க வேண்டியதை மறைக்கிறவர்கள் உண்மையான ஒரு காரணத்தைத்தான் முன்னால் நிறுத்துவார்கள்.

அறுவைக்கு முந்தின நாள் அவர் என்னிடம் ஒன்று கேட்டார். "டாக்டரே, அந்த ஒடஞ்ச துண்டெல்லாம் எடுப்பியள்லா, அத எனக்குத் தருவியளா?"

"எதற்கு?"

"சும்மாதான். நந்தனா பாக்கணும்னா. எனக்க மவ, நர்சிங் படிக்கா."

சும்மா என்றார். அந்தச் சில்லுகளில் ஒன்றின்மேல் சுத்தியலின் இரும்புத் தடம் பென்சில் கோடுபோல இருக்கும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் எடுத்ததை நானே ஒரு பொட்டலமாகக் கட்டிக் காரில் வைத்து, வீட்டுக்குப் போகிற வழியில் சானல் கால்வாயில் போட்டேன். கழிவோடு போய்விட்டது என்று அவரிடம் சொன்னேன். அதற்கும் "செரி" என்றார்.

இப்போது அந்த அறுவை. செராமிக் உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் எங்கள் துறையில் இரண்டு கருத்து கிடையாது. சில்லுகளைப் பொறுமையாகப் பொறுக்க வேண்டும்; எவ்வளவு பொறுக்கினாலும் தசைக்குள் தூளாகக் கொஞ்சம் தங்கிவிடும். அதனால் மறுபடியும் செராமிக் பந்துதான் வைக்க வேண்டும். உலோகம் வைக்கவே கூடாது. தங்கிப்போன தூள் மூட்டுக்குள் புகுந்து, ஒவ்வொரு அடி எடுத்துவைக்கும்போதும் உப்புத்தாள்போல அந்தப் பந்தை அரைக்கும். அதில் உள்ள கோபால்ட் என்ற உலோகம் ரத்தத்தில் கலக்கும். முதலில் காது போகும், விரல்கள் மரத்துப்போகும், கண் மங்கும், கடைசியில் இதயம். அவர் எவ்வளவுக்கு நன்றாக நடக்கிறாரோ அவ்வளவுக்கு வேகமாக நடக்கும்.

அன்று காலை மேசையில் இரண்டு பெட்டிகளும் இருந்தன. சென்னையிலிருந்து வந்த செராமிக், அலமாரியில் எப்போதும் இருக்கிற உலோகம். நான் உலோகத்தைக் கேட்டேன்.

"செராமிக் வந்திருக்கே சார்" என்றாள் ரெனிஷா.

"தண்டு முனை கெட்டுப்போயிருக்கிறது. அது இதில் உட்காராது."

முனை கெடவில்லை. கெட்டிருந்தாலும் அதற்கு ஓர் உறை உண்டு, அதுவும் அந்தப் பெட்டியிலேயே இருந்தது. அவளுக்கு அது தெரியாது. எடுத்துக்கொடுத்தாள். சில்லுகளையும் நான் முழுதாகப் பொறுக்கவில்லை. பெரியவற்றை மட்டும் எடுத்தேன். கிண்ணத்தின் செராமிக் உட்பகுதியை எடுத்துவிட்டு அங்கே பிளாஸ்டிக் வைத்து, உலோகப் பந்தை மாட்டி, இந்த முறை கோலை வைத்து ஒழுங்காக ஒரே ஒரு தட்டு. தையல் அழகாக வந்தது.

கொல்ல நினைத்தேன் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அன்று எனக்கு அப்படி எந்த நினைப்பும் இல்லை. அவர் கொஞ்சம் சுகமில்லாமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். சுகமாக இருக்கிறவனுக்குக் கோர்ட்டுக்கு நடக்கக் கால் இருக்கும். சுகமில்லாதவன் டாக்டரை எதிர்க்க மாட்டான், டாக்டரைத் தேடித்தான் வருவான். நான் அவரைக் கைவிடுவதாகவும் இல்லை. கடைசிவரை நானே பார்த்துக்கொண்டேன். அதை யாரும் மறுக்க முடியாது.

முதல் சில மாதங்கள் அவர் மகிழ்ச்சியாகவே இருந்தார். குலைகள் வந்தன. நான் அவரை நன்றாக நடக்கச் சொன்னேன். "தோப்பைச் சுத்தி தினமும் நடங்க. நடக்க நடக்கத்தான் மூட்டு பழகும்." அவர் சொன்னதைக் கேட்கிறவர். காலையிலும் மாலையிலும் நடந்தார்.

பிறகு ஒருநாள் வந்து, "வாயில ஆணியச் சப்புன மாதிரி ஒரு ருசி டாக்டரே, போவமாட்டேங்கு" என்றார். பல் மருத்துவரிடம் அனுப்பினேன். அடுத்து காதுக்குள் வண்டு இரைகிறது என்றார். காது மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் ஒரு கருவி மாட்டிவிட்டார். கொஞ்ச நாளில் அதுவும் பயன்படவில்லை. சுயம்புராஜ் சத்தம் போட்டுப் பேச ஆரம்பித்தார், பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார். கேள்வி கேட்பது நின்றது. கேட்டாலும் பதில் அவருக்கு எட்டாது என்பதால் நான் வெறுமனே தலையசைத்தால் போதுமானதாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், அந்த மாதங்களில் எனக்கு நல்ல உறக்கம் வந்தது.

ஆனால் அவர் வருவதை நிறுத்தவில்லை. விரல்கள் மரத்துப்போய், காய் எது பழம் எது என்று தொட்டுத் தெரிந்துகொள்ள முடியாதபோதும் குலையை யாரையாவது தூக்கவைத்துக்கொண்டு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். வரவேற்பறையில் என் கைவேலையைப் பற்றி எல்லோரிடமும் உரக்கச் சொன்னார். தன் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. மற்றவர்கள் அந்த உருவத்தையும் பார்த்தார்கள், என் பெயரையும் கேட்டார்கள். அதைவிட நுட்பமாக ஒரு டாக்டரை அவமானப்படுத்த முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

சுனிதா ஒருமுறை தனியாக வந்தாள். "இடுப்புல இப்பம் கரகரன்னு ஒரு சத்தம் கேக்கு டாக்டரே. அவியளுக்குத்தான் காது கேக்காதே, எனக்கு நல்லாக் கேக்கு. மணல்ல செருப்பு தேச்ச மாதிரி. உள்ள எதாவது ஆயிருக்குமா?"

"வயது ஏறினால் எல்லா மூட்டிலும் சத்தம் வரும், சுனிதா" என்றேன். அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு என்ன காரணம்?

மகள் நந்தனா அப்படியல்ல. நர்சிங் மூன்றாம் வருடம். ஒல்லியான பெண், முகத்தைப் பார்த்தே பேசுவாள். திருவனந்தபுரத்தில் இதய மருத்துவர் ஒருவர் அவள் அப்பாவைப் பரிசோதித்துவிட்டுக் குழம்பியிருந்தார். அடைப்பு இல்லை, குடிப்பழக்கம் இல்லை, ஆனால் இதயம் பழைய துணிப்பைபோலத் தொய்ந்துபோயிருக்கிறது. அவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இடுப்பில் என்ன பந்து என்று விசாரித்தார். கெட்டிக்காரர். செராமிக் என்றேன். அப்படியென்றால் இது வேறு ஏதோ என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்கடுத்த வாரம் நந்தனா வந்தாள்.

"சார், செராமிக் ஒடஞ்சா பெறவு மெட்டல் வைக்கக்கூடாதாமே? எங்க மேடம் கிளாஸ்ல சொன்னாவ. அப்பாவுக்கு நீங்க எது வச்சீங்க?"

"செராமிக்தான். உன் அப்பாவுக்கு நான் தப்பாகச் செய்வேனா?"

"இல்ல சார். இருந்தாலும் ரத்தத்துல ஒருக்க அந்த மெட்டல் இருக்கான்னு மட்டும் பாத்துரலாமா? எனக்கு மனசு கேக்கல."

பார்க்கலாம் என்றேன். மறுநாளே அவளை அப்பாவை அழைத்துவரச் சொன்னேன். ரத்தத்தை நானே எடுத்தேன். ஊசி குத்தியது தெரியாமல் எடுப்பேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. சுயம்புராஜ் கையை நீட்டிக்கொண்டு புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். அவர்கள் போன பிறகு குழாயைத் திறந்து வாஷ்பேசினில் ஊற்றித் தண்ணீர் விட்டேன். பத்து நாள் கழித்து நந்தனாவைக் கூப்பிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். நிம்மதியால்தான் என்று நினைக்கிறேன். நன்றி சார் என்றாள். அப்பா மாதிரியே.

அந்த நாளில்கூட நான் மறுபடி திறந்து அந்தப் பந்தை எடுத்திருக்கலாம். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். எடுத்திருந்தால் இதயம் ஓரளவு தேறியிருக்கும், கண்ணும் கொஞ்சம் திரும்பியிருக்கும். காது திரும்பாது. ஆனால் உள்ளே திறந்தால் சதை தார்போலக் கறுத்திருக்கும், தியேட்டரில் நாலு பேர் பார்ப்பார்கள். அவருக்குத் தெரிந்திருக்கலாம் என்று நான் சந்தேகித்த ஒன்றை ஊருக்கே தெரியவைத்ததாக ஆகும். யோசித்துப் பார்த்ததில் அது சரியாகப் படவில்லை.

கடைசி நாட்களில் அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு டாக்டர் இப்படி வீடு தேடி வருவது உண்டா என்று அக்கம்பக்கத்தார் சொல்லிக்கொண்டார்கள். அவர் தலையணைகளில் சாய்ந்து மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். கால்கள் இரண்டும் வீங்கி மினுங்கின. கண் ஏறக்குறைய இல்லை. சுனிதா அவர் உள்ளங்கையில் எதையோ விரலால் எழுதிக் காட்டியதும் முகம் மலர்ந்தது.

"டாக்டரா? வாருங்க, இரிங்க." என் கை எங்கே என்று துழாவிப் பிடித்துக்கொண்டார். "எனக்காச்சுட்டி நீங்க ரொம்பக் கஷ்டப்பட்டாச்சு. ஒண்ணையும் மனசுல வச்சுக்கிடாதிய, கேட்டியளா? ஒண்ணையும்."

நான் கையை உருவிக்கொண்டேன். எதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்கிறார்? சாகப்போகிற மனிதர், காது கேட்காத, கண் தெரியாத மனிதர், என்னை மன்னிப்பதற்கு என்ன இருக்கிறது? சுனிதா தேநீர் போடப் போயிருந்தாள். அறையில் வேறு யாருமில்லை. அவர் என் பக்கமாக முகத்தைத் திருப்பி, அந்தப் புன்னகையோடு காத்திருந்தார். தேநீர் வரும்வரை நான் இருக்கவில்லை.

நாலாம் நாள் இறந்துபோனார். நான் போய் மாலை வைத்தேன். சுனிதாவிடம், "நோய் என்னவென்று முழுதாகத் தெரியவில்லை. எரித்துவிடுவது நல்லது" என்றேன். தலையை முந்தானையால் மூடியபடி அவள் சொன்னாள்: "எங்க வழியில எரிக்கதில்ல டாக்டரே. மண்ணுலதான் வைப்போம்." வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் நந்தனா கவனித்திருப்பாள். அவள் அப்போதே என்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அவரைத் தோப்பின் ஓரத்தில் வடக்கு நோக்கி வைத்து மண்ணிட்டார்கள்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நந்தனா அந்தச் சோதனை செய்கிற ஆய்வகங்களில் எல்லாம் விசாரித்திருக்கிறாள்; என் மருத்துவமனையிலிருந்து அப்படி ஒரு ரத்தம் எங்கேயும் போகவில்லை என்று தெரிந்துகொண்டாள். மனு கொடுத்தாள். தாசில்தார் முன்னிலையில் தோண்டினீர்கள். பந்து கிடைத்தது. அதன்மேல் இருந்த கீறல்களையும் இடுப்பைச் சுற்றிய கறுப்பையும் படமெடுத்து என் முன் வைத்தீர்கள். நான் எதையும் மறுக்கவில்லை. அந்தப் பந்தை வைத்தவன் நான். தெரிந்தே வைத்தேன். என்ன ஆகும் என்று தெரிந்து, ஆகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்த முடிந்தபோது நிறுத்தவில்லை. சுயம்புராஜைக் கொன்றது நான்தான் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், நீங்கள் ரொம்ப நேரமாக அந்த வாக்கியத்துக்காகக் காத்திருக்கிறீர்கள்.

ஆனால் ஏன் என்று கேட்டீர்கள். அதற்கான பதிலை நேற்று நீங்களேதான் எனக்குக் கொடுத்தீர்கள். ரெனிஷா சொன்னதை வாசித்துக் காட்டினீர்கள். பந்து உடைந்து அவர் வார்டில் கிடந்தபோது, மனம் பொறுக்காமல் அவள் போய்ச் சொல்லியிருக்கிறாள்: டாக்டர் சுத்தியலால் தட்டினார், நான் பார்த்தேன், எனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை என்று அழுதிருக்கிறாள். அதற்கு அவர் சொன்னதாக அவள் சொன்னது: "அழாத மக்கா. கைப்பிழ ஆருக்கும் வரும். நான் அறிஞ்சதா டாக்டர்ட்ட காட்டிக்கிடாத, கேட்டியா? அவரு ஒடஞ்சு போவாரு. எத்தன பேர எந்திச்சு நடக்கவச்ச கை. நான் எப்பவும்போல வாழக்கொலையக் கொண்டு கொடுத்துட்டு வந்தம்னா அவருக்கு மனசு ஆறிரும்."

வாசித்து முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அழுவேன் என்று நினைத்தீர்களா, மேடம்? எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஒருவேளை ஒன்றுமறியாத மனிதரை வீணாகச் சந்தேகிக்கிறேனோ என்று இத்தனை காலமும் உள்ளுக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. இப்போது அது இல்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் நினைத்தது சரிதான்.